வாய்க்கால் கரையும் இன்டர்கூலர் தகடும்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 110 ஹெச்பி, ஏர் ஃபில்டரைத் தவிர எதையும் மாற்றவில்லை. பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) போட்டால் 20 ஹெச்பி கூடும் என்று ஒரு கடையில் சொன்னார்களாம், போடலாமா? வேண்டாம் என்பேன். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்ல, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப்பின் அடிப்பக்கம் சுடும், தெரியும்தானே. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவும் காற்றை அழுத்துகிறது. நம் ஊர் வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போகும் காற்றை 1.8 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், வெளியே வரும்போது சுமார் 115 டிகிரி இருக்கும். சூடான காற்று நீர்த்த காற்று, அதே அழுத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு. பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு தொல்லையும் உண்டு. சூடு ஏறினால் கலவை தாறுமாறாக வெடிக்கப் பார்க்கும், அதைத் தடுக்க எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும், இழுவை குறையும். அதனால்தான் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இன்டர்கூலர்.

சரி, அது எப்படிக் குளிர்விக்கிறது? வெளிக்காற்று பட்டால் ஆறிவிடும் என்று சொல்லிவிடலாம், ஆனால் காற்று அவ்வளவு எளிதாகப் படுவதில்லை. தஞ்சாவூரில் புது ஆற்றில் தண்ணீர் விட்டதும் பூவரச இலையைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். நடுவில் விழுந்த இலை ஓடிவிடும், கரையோரம் விழுந்தது தவழும், கரையை ஒட்டியே விழுந்தது அங்கேயே நிற்கும். உலோகத் தகட்டின் மேல் ஓடும் காற்றும் அப்படித்தான். தகட்டைத் தொடும் காற்று நின்றுவிடுகிறது, அதற்கு மேலே உள்ளது மெதுவாக நகர்கிறது, இந்தச் சோம்பல் அடுக்கு ஒரு கம்பளி போலத் தகட்டைப் போர்த்திக்கொள்கிறது. இதை எல்லைப்படலம் என்கிறோம். 1904ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் ஜெர்மன் அறிவியலாளர் லுட்விக் பிராண்டில் முதன்முதலில் விளக்கினார்.

கம்பளியின் தடிமன் தகட்டின் முனையில் கிட்டத்தட்ட பூஜ்யம், உள்ளே போகப்போக தூரத்தின் வர்க்கமூலப்படி ஏறும். 50 மில்லிமீட்டர் நீளமுள்ள மழமழப்பான தகட்டின் கடைசியில், 1 மில்லிமீட்டரில் இருப்பதைப்போல ஏழு மடங்கு தடித்திருக்கும். அப்படியென்றால் தகடு முழுக்க முனையாகவே இருந்தால்? அதைத்தான் செய்திருக்கிறார்கள். இன்டர்கூலர் குழாய்களுக்கு நடுவே மடித்து வைத்திருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள், பல வண்டிகளில் ஒவ்வொன்றிலும் ஜன்னல் சாய்பலகை போல வரிசையாகக் கீறல்கள் இருக்கும். காற்று இரண்டு கீறல்களுக்கு நடுவிலுள்ள ஒரு கீற்றில் ஒரு மில்லிமீட்டர் ஓடுவதற்குள் அது முடிந்து அடுத்தது வந்துவிடுகிறது, கம்பளி தடிக்க நேரமே இல்லை, ஒவ்வொரு கீற்றிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆனால் இதற்கு வேகம் வேண்டும். கும்பகோணம் தேரோடும் வீதிகளில் ஊர்ந்துபோகும்போது படலங்கள் கீற்றுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அடைத்துவிடும், காற்று சாய்பலகைக்குள் திரும்பாமல் நேராக ஓடிவிடும். நெரிசலில் நின்று வந்தபின் முதல் இழுவை மந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது கணக்கு. கம்பெனி இன்டர்கூலர் 60 டிகிரியில் காற்றை விடுகிறது, பெரியது 50ல் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி கூடுவது 3 சதவீதம். அதையும் ஈசியூ அப்படியே இழுவையாக மாற்றாது, அதற்குள் எழுதியிருக்கும் வரம்போடு நிறுத்திக்கொள்ளும். 20 ஹெச்பி எங்கிருந்து வரும்?

இன்னொன்று. முழு இழுவையில் இன்டர்கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 6 கிலோவாட், 1500 வாட் வாட்டர் ஹீட்டர் நான்கு வைத்த மாதிரி. ஆனால் தஞ்சாவூர் சாலையில் ஒரு பஸ்ஸை முந்த எத்தனை விநாடி முழுசாக மிதிப்பீர்கள்? எட்டு? வெளிக்காற்றே படாவிட்டாலும் 3 கிலோ அலுமினியம் அந்த எட்டு விநாடி வெப்பத்தை 17, 18 டிகிரி ஏறியே விழுங்கிவிடும். பெரிய இன்டர்கூலர் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப மிதிப்பவருக்கு, அல்லது டர்போ அழுத்தத்தையே கூட்டியவருக்கு. மற்றவருக்குத் தடித்த பெட்டி பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்குப் போகும் காற்றைத்தான் மறிக்கும்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியது வேறு. தை, மாசியில் சம்பா அறுப்பு மெஷின் ஓடும் வயலோரம் போய்வந்த வண்டியின் முன்பக்கத்தைப் பாருங்கள், பதரும் சுணையும் வைக்கோல் தூசியும் அந்தக் கீறல்களுக்குள் அப்பியிருக்கும். மேலே சொன்ன அழகெல்லாம் அங்கேயே போயிற்று. பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பைப்பைக் கிட்டே கொண்டுபோனால் தகடு மடிந்துவிடும். பல அறுப்பு மெஷின்களிலும் டர்போ இருக்கிறது, அவை நாள் முழுக்க இதே தூசிக்குள் ஓடுகின்றன. சுணை எவ்வளவு சீக்கிரம் தகட்டை அடைக்கிறது, எந்தக் கீறல் அளவு தாங்கும் என்று நம் ஊர் பொறியியல் கல்லூரி மாணவர்கள் அளக்க ஒரு சின்னத் தொகை கொடுத்தால் அது உழவனுக்கு நேராகப் போய்ச் சேரும் ஆராய்ச்சி. அதற்குப் பணம் கேட்டால் யோசிக்கிறவர்கள், பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்பவனிடம் யோசிக்காமல் கொடுக்கிறார்கள். பெட்ரோலைக் காந்தம் ஒன்றும் செய்யாது. அது அறிவியல் வேஷம் போட்ட தாயத்து, எனக்குக் கோபம்தான் வருகிறது.

மன்னார்குடி நண்பரே, வண்டியின் சென்சார்கள் சொல்வதைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடர் ஒன்று வாங்குங்கள், இன்டர்கூலரைவிட அது எத்தனையோ மலிவு. காலையில் ஒரே சாலையில், அதே மூன்றாம் கியரில், கழுவுவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பாருங்கள். சென்சார் இன்டர்கூலருக்குப் பிறகு இருக்கிறதா என்பதை மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.