உறைக்காத வெயிலும் தோலைத் தாக்கும்: திறந்தவெளித் தொழிலாளரும் தோல் புற்றுநோயும்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், மெல்லிய மேகம் படர்ந்த வசந்தகால நண்பகலில் கூரை வேயும் ஒருவருக்கு வெயில் உறைக்காது. ஆனால் அன்றும் அவருடைய தோல் சேதமடையலாம். உடல் உணரும் சூடு பெரும்பாலும் காற்றின் வெப்பநிலையாலும் அகச்சிவப்புக் கதிர்களாலும் வருவது. தோல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் புற ஊதாக் கதிரை உணர்வதற்கோ நமக்குப் புலன் எதுவும் இல்லை. ஆகவே பணியிடத்தில் பார்க்க வேண்டியது வெப்பமானியை அல்ல, அந்தக் கதிரின் வலிமையைக் காட்டும் எண்ணான புற ஊதாக் குறியீட்டை. அது 3-ஐத் தொட்டதுமே பாதுகாப்பு தேவை என்பது அந்நாட்டில் பின்பற்றப்படும் விதி.

சேதம் நிகழும் விதம் நுட்பமானது. 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா-பி கதிரை மேல்தோல் செல்களின் டி.என்.ஏ. நேரடியாக உறிஞ்சுகிறது. அந்த ஆற்றலால், டி.என்.ஏ.-வின் எழுத்துகள் போன்ற வேதிப்பொருள்களில், ஒரே இழையில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு தைமின்களோ சைட்டோசின்களோ தமக்குள் பிணைந்துகொள்ள, இழை அங்கே முறுகிவிடுகிறது. பழுதான பகுதியை இருபுறமும் வெட்டியெடுத்து, எதிரிழையைப் பார்த்து இடைவெளியை நிரப்பும் நொதிகள் செல்லுக்குள்ளேயே இருக்கின்றன. இந்தப் பழுதுநீக்கத்தை விளக்கியதற்காகவே உயிர்வேதியியலாளர் அசீஸ் சன்ஜார் 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆயினும் பழுதுகள் எல்லாமே சரிசெய்யப்படுவதில்லை. தப்பியவற்றுடன் செல் பிரியும்போது சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் அமர்ந்து பிழை நிலைத்துவிடுகிறது. சேதமுற்ற செல்லை நிறுத்தவோ அழிக்கவோ செய்யும் பி53 என்னும் மரபணுவிலேயே அப்பிழை விழுந்தால், கெட்டுப்போன செல் தடையின்றிப் பெருக வழி திறக்கிறது.

தோல் சிவக்காத நாள்களிலும் இது நடக்கிறது என்பதுதான் தொழிலாளர் விஷயத்தில் எனக்குப் பெரும் கவலை தருவது. மேல்தோலின் தட்டையான செல்களில் தோன்றும் செதிள் செல் புற்றுநோய் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கதிர்வீச்சோடு நெருங்கிய தொடர்புடையது. காது, பின்கழுத்து, கீழுதடு, புறங்கை ஆகிய இடங்களில் அது அதிகம் தோன்றுவதும் இதனால்தான். கருநிறத் தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது, ஆனால் முற்றிலும் நீக்குவதில்லை. 2019-இல் மட்டும், மெலனோமா (நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோயால் ஏறத்தாழ 19,000 பேர் வெயிலில் வேலை செய்த காரணத்தால் இறந்தனர் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2023-இல் மதிப்பிட்டன.

தடுப்பு என்றதும் தொழிலாளியின் கையில் ஒரு சன்ஸ்கிரீன் குழாயைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நிறுவனங்கள் கருதிவிடக் கூடாது. சன்ஸ்கிரீனின் பாதுகாப்புத் திறனைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். 30 என்ற அளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி ஆய்வகத்தில் கணக்கிடப்படுவது. வேலை செய்பவர் பூசுவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு, அதுவும் வியர்வையிலும் சிமெண்டுத் தூசியிலும் அழிந்துபோகும். இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூச வேண்டும் என்பது சரியே, ஆனால் சாரத்தின் மேல் நிற்பவருக்கு அதற்கு ஓய்வும் தண்ணீரும் கிடைக்க வேண்டுமே! எனவே முதலில் மாற்ற வேண்டியது வேலை நேரம்: கூரை வேலையைக் காலையிலும், உள்வேலையை நண்பகலிலும் வைக்கலாம். அடுத்தது நிழல், வானத்தில் சிதறியும் தரையில் பட்டும் பக்கவாட்டில் வரும் கதிரை அது முழுதாகத் தடுக்காது என்பதால், நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும், தலைக்கவசத்தில் பொருத்தும் அகல விளிம்பும், பின்கழுத்தை மூடும் துணித் தொங்கலும் உடன் வேண்டும். துணியின் புற ஊதாத் தடுப்புத் திறனைச் சொல்லும் அளவு யு.பி.எஃப்.; அது 50 என்று குறிக்கப்பட்ட துணி, கதிரில் ஐம்பதில் ஒரு பங்கையே உள்ளே விடும். வியர்வையில் அது கரைந்துபோவதுமில்லை.

கூரையுள்ள வண்டி ஓட்டுபவரும் இதில் அடக்கம். புற ஊதா-பி கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்தாலும், தோலில் இன்னும் ஆழமாக இறங்கும் புற ஊதா-ஏ கதிர் பக்கவாட்டு ஜன்னல்கள் பலவற்றின் வழியே நுழைந்துவிடுகிறது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய ஒருவரின் முகத்தில், ஜன்னல் பக்கத்துத் தோல் மட்டும் தடித்து ஆழ்ந்த சுருக்கங்களோடு இருந்ததை ஒரு மருத்துவ இதழ் 2012-இல் படத்துடன் வெளியிட்டது. அத்தகைய ஓட்டுநர்களுக்கு ஜன்னலில் புற ஊதாத் தடுப்புப் படலம் ஒட்டித் தருவது முதலாளியின் பொறுப்பு. வெயிலால் வரும் செதிள் செல் புற்றுநோயை 2015 முதல் தொழில்சார் நோயாகவே ஜெர்மனி அங்கீகரித்திருக்கிறது. அதனால் அங்கே நோயுற்ற கொத்தனாரின் சிகிச்சைச் செலவைத் தொழில் விபத்துக் காப்பீடு ஏற்கிறது.