உடல் கரை சேராத வீடுகளில்

தங்கச்சிமடம் பக்கத்தில் நான் பார்த்துவரும் ஒரு அக்கா, 28 நாளுக்கு ஒருமுறை கணவருடைய செல்போன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்கிறார். அந்தப் போன் அவரோடு கடலுக்குப் போனது. படகு கவிழ்ந்து மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று நாத்தனார் கூட்டிவந்தார். ரீசார்ஜ் விஷயத்தை அந்த அக்கா மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார், ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நம்பர் செத்துப்போச்சுன்னா நானே அவரை அனுப்பிவிட்ட மாதிரி ஆயிடும்ல மேடம்?"

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதியில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் கடல்தொழில் செய்யும் கிறிஸ்தவக் குடும்பங்கள். நானும் அந்த விசுவாசத்தில் வளர்ந்தவள். அதனால்தான் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. துக்க வீட்டில் விசுவாசத்தை ஒரு மூடி மாதிரி எடுத்து அழுகையின் மேல் வைத்து அழுத்துகிறோம். "அழாதே, ஆண்டவர்கிட்டதானே போயிருக்காங்க." "நல்லவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்." "இப்படி அழுதா விசுவாசம் இல்லாத மாதிரி ஆயிடும்." சொல்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பேச வார்த்தை கிடைக்காத பதற்றத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தைகளைச் சுமந்துகொண்டு ஆறு மாதம் கழித்து என்னிடம் வருகிறவர்கள், கணவரையோ மகனையோ இழந்த வலியோடு, தன் விசுவாசம் போதவில்லையோ என்ற குற்ற உணர்வையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள்.

யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இறந்துபோன நண்பர் லாசரை உயிரோடு எழுப்பத்தான் போகிறேன் என்று இயேசுவுக்கு முன்பே தெரியும், சீடர்களிடம் சொல்லியும் விடுகிறார். அப்படியும் லாசரின் சகோதரி மரியா அழுவதைப் பார்த்ததும் அவரும் அழுகிறார். இன்னும் சற்று நேரத்தில் லாசர் எழுந்து வரப்போவது தெரிந்தும் அந்தக் கண்ணீரை அவர் அடக்கவில்லை. அக்கா தங்கை இரண்டு பேரும் தனித்தனியாக வந்து, "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான்" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். அது பணிவான செபமில்லை, மனத்தாங்கல். அதற்காக அவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போதும், எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்கிறார். துயரமே படாதீர்கள் என்று அவர் எழுதவில்லை.

எதிர்நோக்கு. கத்தோலிக்கத் திருச்சபையின் 2025 யூபிலி ஆண்டில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று கோயில்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். முன்பு எனக்கு அது புத்தகத் தமிழாகத்தான் பட்டது. பாம்பன் கரையில் ஒரு நாள் விடிகாலை நிற்கும்போதுதான் அதன் பொருள் உறைத்தது. வர வேண்டிய நேரத்துக்குப் படகு வரவில்லை. பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வாடைக்காற்றில் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. கண்ணில் பயமும் இருக்கிறது, கால் அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டேன் என்கிறது. எதிர்நோக்கு என்பது அந்த நிற்றல்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

உடல் கிடைத்த சாவுக்கும் கிடைக்காத சாவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கிடைத்தால் முகத்தைப் பார்க்கிறோம், அடக்கப் பூசை நடக்கிறது, ஒரு பிடி மண் போடுகிறோம். மனசுக்கு ஒரு முடிவு தெரிகிறது. கிடைக்காவிட்டால் கதவு பாதி திறந்தபடியே கிடக்கும். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்து இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்று விளக்கினார். ஆளே திரும்பி வராமல் போவதை ராமேஸ்வரம் தீவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கடல் ஒரு பயணிகள் ரயிலையே இழுத்துக்கொண்டது. அந்த இரவில் போனவர்கள் பலருக்குக் கல்லறை கிடையாது. டிசம்பர் வந்தாலே தூக்கம் போய்விடுகிறது என்று சொல்லும் முதியவர்களை இன்றும் பார்க்கிறேன்.

சட்டமும் இந்த வீடுகளை இழுத்தடிக்கிறது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொது விதி. அதுவரை வங்கிக் கணக்கு, படகுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றிலும் சிக்கல்தான். உதவ நினைக்கிறவர்கள் செபம் சொல்வதோடு நிற்காமல் மீன்வளத்துறை அலுவலகத்துக்கு அந்தப் பெண்ணோடு ஒரு நடை போய்வாருங்கள்.

சாப்பாடும் அப்படித்தான். முதல் வாரம் பாத்திரம் பாத்திரமாக வரும், முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நின்றுவிடும். அடுப்பு மூட்ட மனசே வராத நாட்கள் அதற்கப்புறம்தான் தொடங்கும். யோவான் 21-இல் பேதுருவும் மற்றவர்களும் மீன் பிடிக்கப் போகிறார்கள். ராத்திரி முழுக்க ஒன்றும் படவில்லை. விடிந்த பிறகு, கரையில் நின்ற இயேசு சொன்ன பக்கம் வலை போட்டதும்தான் மீன் படுகிறது. ராத்திரியெல்லாம் உழைத்துக் களைத்துக் கரைக்கு வரும் தொழிலாளிக்கு எதிரே எரியும் நெருப்பும், மேலே வெந்துகொண்டிருக்கும் மீனும் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். உயிர்த்தெழுந்தவர் அவர்களை முதலில் சாப்பிடத்தான் கூப்பிடுகிறார்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "அப்பா தூங்குறாங்க", "சாமி கூப்பிட்டுக்கிச்சு" என்று சொல்லாதீர்கள். தூங்கவே பயந்து, கோயில் வாசலைக்கூட மிதிக்க மறுத்த ஏழு வயதுப் பையனைப் பார்த்திருக்கிறேன். அப்பாவை எடுத்துக்கொண்ட சாமி அம்மாவையும் எடுத்துக்கொள்ளும் என்ற பயம். நடந்ததைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் உண்மையாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். படகில் கூடப் போய்த் தப்பி வந்தவர்களையும் மறந்துவிடுகிறோம். 'நான் ஏன் பிழைத்தேன்' என்ற கேள்வியைச் சாராயத்தில் கரைக்கப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்? அழுவது நோயில்லை. ஆனால் ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் நாள் முழுக்க ஆளை அமுக்கி, எழ முடியாமல், பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போனால், அதை 'நீடித்த துயரக் கோளாறு' என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே சொல்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. "ஆண்டவர் என்னையும் எடுத்துக்கிட்டா நல்லது" என்று யாராவது சொன்னால் பக்தி என்று விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருக்கிற எண்ணம்தான் வெளியே வரும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். மனநலம் என்றாலே நம் மாவட்டத்தில் ஏர்வாடிதான் நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்ட 28 பேர் தீயில் கருகியதை யாரும் மறக்கவில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. இங்கே யாரும் யாரையும் கட்டிப்போடுவதில்லை. உட்கார்ந்து பேசுகிறோம், தேவைப்பட்டால் மருத்துவரிடம் மாத்திரைக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

அந்த அக்காவின் வீட்டில் போன நவம்பரில் ஒரு சண்டை. கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கும் பட்டியலில் மகன் பெயரைக் கொடுக்க வேண்டும் என்றார் மாமியார். கொடுக்கவே கூடாது என்றார் மருமகள். செவ்வாய்க்கிழமை தவறாமல் வேர்க்காடு அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவர் அவர். காணாமல்போனதைத் தேடித் தருகிறவர் அந்தோணியார் அல்லவா? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. நான் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. பங்குத்தந்தையிடம் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள் என்றேன்.

பங்குத்தந்தை பட்டியலில் பெயரைச் சேர்க்கவில்லை. பட்டியல் முடிந்ததும் சற்று நிறுத்தி, "கடலுக்குப் போன நம் சகோதரன்" என்று பெயரைச் சொல்லி, அவர் எங்கே இருந்தாலும் இறைவனின் கையில் இருக்கட்டும் என்று வேண்டினார். கடல் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்ற திருவெளிப்பாட்டு வரியை மறையுரையில் வாசித்தாராம்.

பூசை முடிந்து எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது இவர்கள் இருவரும் கரைக்கு நடந்திருக்கிறார்கள். காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. மாமியார் ஒரு கொட்டாங்குச்சியைத் தேடி எடுத்து உள்ளே மணல் போட்டு நட்டுவைத்தாராம். அந்த வாரம் அக்கா வந்து இதையெல்லாம் சொல்லிவிட்டு, ரீசார்ஜை நிறுத்தட்டுமா என்று கேட்டார். நிறுத்தணும்னு தோணுதா என்றேன்.

"இன்னும் இல்ல."

"சரிக்கா, அப்போ போடுங்க."

அன்று அத்தையும் தானும் சேர்ந்து அழுதோம், அதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்துபோனார்.