ஃபைட்டர் மீனுக்கு ஃபில்டர் கட்டாயம், ஹீட்டர் இடத்தைப் பொறுத்தது

"ஃபைட்டருக்கு மோட்டார் எதுவும் வேண்டாம் சார், பாட்டில்லயே இருக்கும்." பல கடைகளில் இப்படிச் சொல்லித்தான் இந்த மீனை விற்கிறார்கள். சில வாரம் கழித்து, அதே மீனை ஒரு டப்பாவில் வைத்து, என்னைப் போல மீன் நோய் பார்க்கிறவர்களிடம் கொண்டு வருகிறார்கள். துடுப்பின் ஓரம் கரைந்திருக்கும், நிறம் வெளுத்திருக்கும், மீன் அடியிலேயே படுத்துக் கிடக்கும். எல்லோரும் கேட்பது மருந்து. நான் முதலில் கேட்பது அது இருந்த தொட்டியின் தண்ணீர். அந்தத் தண்ணீரில் அம்மோனியா சொட்டுப் பரிசோதனை செய்து பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

கடைக்காரர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. ஃபைட்டருக்குச் செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்கிற உறுப்பு உண்டு. அதனால் மேலே வந்து காற்றை விழுங்கி அதிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். இதன் சொந்த ஊர் தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும். அந்த நாடு 2019-இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கே தண்ணீர் ஆழமில்லாமல், ஆக்சிஜன் குறைவாக, செடி அடர்ந்து கிடக்கும். ஆனால் அந்த வயல் பரந்து கிடக்கிறது. மீனின் கழிவைச் செடியும் மண்ணும் நுண்ணுயிரும் எடுத்துக்கொள்கின்றன. அரை லிட்டர் பாட்டிலில் இவை எதுவும் இல்லை. ஆண் மீன்கள் சண்டை போட்டுக்கொள்ளும் என்பதால், விற்கும்வரை பிரித்து வைக்கத்தான் அந்தப் பாட்டில். அதையே வீடாக நினைத்துவிடுகிறோம்.

காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அம்மோனியாவிலிருந்து மீனைக் காப்பாற்றாது. சாப்பிடுகிற புரதம் செரித்தபின் மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. போட்டு மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே அம்மோனியா. அது தண்ணீரில் சேர்ந்தால் செவுள் வெந்துபோகும், துடுப்பு பாழாகும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். அதற்குப் பிறகுதான் பாக்டீரியாவும் பூஞ்சையும் வருகின்றன. நாம் அதைப் பார்த்து "துடுப்பு அழுகல் நோய்" என்று மருந்து தேடுகிறோம்.

நம் ஊர்த் தண்ணீரில் இது இன்னும் தீவிரம். அம்மோனியாவின் விஷம், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது. 25 டிகிரியில், பிஎச் 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் சுமார் அரை சதவீதம்தான் கொடிய வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதம், அதாவது பத்து மடங்கு. சென்னையில் பல வீடுகளின் போர்வெல் தண்ணீர் கடினமானது, பிஎச் 7.5-ஐத் தாண்டுவது சாதாரணம். சூடு கூடினாலும் விஷம் கூடும். பாதாம் இலை போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. இலை நல்லதுதான், மீனுக்கும் பிடிக்கும். ஆனால் கடினமான தண்ணீரில் அது பிஎச்சைப் பெரிதாக அசைக்காது, அம்மோனியாவை எடுக்கவும் எடுக்காது.

ஃபில்டரின் முதல் வேலை தூசி பிடிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தூசி இரண்டாவது. ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சுக்குள் குடியேறும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் ஓரளவு தாங்கக்கூடியது, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியாக் கூட்டம் புதுத் தொட்டியில் வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் அம்மோனியா ஏறியிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.

என்னிடம் வரும் மீன்களில் பெரும்பாலானவற்றின் கதை ஞாயிற்றுக்கிழமைக் கழுவலில் தொடங்குகிறது. தொட்டியை முழுக்கக் காலி செய்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் வைத்துத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். அக்கறையோடு செய்கிற வேலைதான். ஆனால் குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது, தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போகிறது. புதன், வியாழன் வாக்கில் மீன் சுருண்டு படுக்கும். தண்ணீரைக் கால் பங்கு மட்டும் எடுங்கள். எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்து திரும்ப வையுங்கள். அது பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். புதிதாக ஊற்றும் தண்ணீரில் ஆன்டி-குளோரின் சொட்டு விடுங்கள், சூடும் தொட்டிச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட இருக்கட்டும்.

எந்த ஃபில்டர் என்றால், ஃபைட்டருக்கு நான் சொல்வது ஏர் பம்ப்பில் ஓடும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர். மலிவு, பழுது குறைவு, இழுவையும் மெதுவு. தொங்கவிடும் ஃபில்டரும் உள்ளே வைக்கும் பவர் ஃபில்டரும் பெரும்பாலும் இந்த மீனுக்கு வேகம் அதிகம். நீளத் துடுப்புள்ள ஆண் மீன் அந்த நீரோட்டத்தோடு நாளெல்லாம் போராடிக் களைத்துவிடும், சில சமயம் துடுப்பு உள்ளே இழுபட்டுக் கிழியும். ஸ்பாஞ்சிலும் குமிழி வேகமாக வந்தால் குழாயில் ஒரு கன்ட்ரோல் வால்வு போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். மீன் மேல்மட்டத்தில் ஒரு மூலையில் அசையாமல் நிற்க முடிகிறதா, முட்டைக்காக மேலே குமிழிகளால் நுரைக்கூடு கட்டினால் அது கலையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அதுவே சரியான வேகம்.

தொட்டி அளவும் முக்கியம். ஒரு அடிக்கு ஒரு அடித் தொட்டியில் பத்து அங்குலம் நிரப்பினால் 23 லிட்டர் வரும். ஒரு ஃபைட்டருக்கு அது தாராளம். பத்து லிட்டருக்குக் கீழே போகாதீர்கள்.

இப்போது ஹீட்டர். வாங்குவதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒரு வாரம் விடியற்காலையும் பிற்பகலும் பார்த்துக் குறித்துவையுங்கள். இந்த மீனுக்கு 25-லிருந்து 28 டிகிரி வரை இதம். சென்னையில் மூடி போட்ட தொட்டி பெரும்பாலான மாதங்களில் தானாகவே இந்த அளவிலோ இதற்கு மேலோ இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் 32-ஐத் தாண்டுவதுதான் இங்கே கவலை. அதற்கு ஹீட்டர் உதவாது. மூடியைக் கொஞ்சம் திறந்து வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வீடுகளில் கேள்வியே இல்லை, ஹீட்டர் வேண்டும். ஓசூரிலும் பெங்களூரிலும் குளிர் மாதங்களில் வேண்டும்.

சென்னையிலேயே ஹீட்டர் தேவைப்படும் ஓர் இடம் உண்டு: ஏசி படுக்கையறை. பகலில் 30, இரவு ஏசி 22. சின்னத் தொட்டி ஒரே ராத்திரியில் பல டிகிரி இறங்கி, மறுநாள் மறுபடி ஏறும். நிலையான 25-ஐவிட இந்த ஏற்ற இறக்கம் மோசம். குளிரில் செரிமானம் மந்தமாகி வயிறு உப்பும், வெள்ளைப்புள்ளி நோய் பிடிக்கும். ஃபைட்டர் மேலே வந்து விழுங்குவதும் அந்த ஏசிக் குளிர்காற்றைத்தான், அதனால் மூடி அவசியம். முடிந்தால் தொட்டியை ஹாலுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் தெர்மோஸ்டாட் (வைத்த சூடு வந்ததும் தானாக அணைக்கும் அமைப்பு) உள்ள ஹீட்டரை 27-இல் வையுங்கள்.

வாட்டை லிட்டருக்கு ஒன்று என்று கணக்கிடலாம். 20 லிட்டருக்கு 25 வாட் போதும், கடும் ஏசியில் 50. "100 வாட் வாங்கிக்கோங்க, சீக்கிரம் சூடாகும்" என்ற பேச்சைக் கேட்காதீர்கள். மலிவான தெர்மோஸ்டாட் சில சமயம் ஆனிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது 100 வாட் 20 லிட்டர் தண்ணீரை மணிக்கு ஏறத்தாழ நான்கு டிகிரி ஏற்றும். நீங்கள் ஆபீஸிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 25 வாட் என்றால் மணிக்கு ஒரு டிகிரி, கவனிக்க நேரம் கிடைக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லாத குட்டி ஹீட்டர்களை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், ஒவ்வொரு முறையும். தண்ணீர் இறக்கும் முன் ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் சூடான கண்ணாடி வெளியே வந்து வெடிக்கும். வயர் பிளக்குக்கு ஏறும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், சொட்டும் தண்ணீர் அங்கேயே விழும். ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். கரண்ட் போனால் தண்ணீர் குழாய்வழி திரும்பி பம்ப்புக்குள் இறங்குவதை இது தடுக்கும்.

ஏற்கெனவே பாட்டிலில் மீன் இருக்கிறது, இன்றைக்கே தொட்டி வாங்க முடியாது என்றால், குளோரின் நீக்கிய, அதே சூடுள்ள தண்ணீரால் தினமும் பாதியை மாற்றுங்கள். தீனியை ஒரு வேளைக்கு இரண்டு மூன்று குருணையாகக் குறையுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத, பல மாதம் ஓடிய தொட்டி இருந்தால், அங்கே ஒரு புது ஸ்பாஞ்சை இப்போதே போட்டு ஓடவிடச் சொல்லுங்கள். உங்கள் தொட்டி வரும்போது அதை ஈரம் காயாமல் கொண்டு வந்து பொருத்தினால், ஆறு வாரக் காத்திருப்பில் பெரும்பகுதி குறையும்.