கீமோதெரபி: சாயத்திலிருந்து வந்த சொல்

அத்தைக்குப் புற்றுநோய், முதல் கீமோ போட்ட அன்று துணைக்குப் போயிருந்தேன். கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. மாமா திருப்பூரில் முப்பது வருஷம் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர், எதைப் பார்த்தாலும் முதலில் கலரைத்தான் பார்ப்பார். நர்ஸ் சிரிஞ்சில் கொண்டுவந்த செக்கச்செவேல் மருந்தைக் கண்டதும் என் பக்கம் குனிந்து, "சாயமாட்டவே இருக்குது கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, கரண்ட் வெக்கறதுங்கறது இதுதானா?" என்றார்.

அது இல்லைங் மாமா என்றேன். நம் பக்கம் கரண்ட் வைப்பது என்று சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையை. அதிலும் உடம்பில் கரண்ட் ஒன்றும் பாய்வதில்லை, கட்டி இருக்கும் இடத்தைக் குறிவைத்துக் கதிர் பாய்ச்சுகிறார்கள். கீமோ அப்படியில்லை, ரத்தத்தில் கலந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை போகிற மருந்து. ஆனால் அவர் முதலில் சொன்னாரே சாயம் என்று, அது இந்தச் சொல்லின் பிறப்பையே தொட்டுவிட்ட பேச்சு.

ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் திசுக்களுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு சாயம் ஒரு வகைச் செல்லைப் பிடிக்கும், பக்கத்துச் செல்லை விட்டுவிடும். காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பாலியெஸ்டர் நூலில் ஒட்டாது என்பது பட்டறைக்கு நேற்று வேலைக்கு வந்த பையனுக்கே தெரியும், எர்லிக் அதையே ஒரு படி மேலே கொண்டுபோய், கிருமியை மட்டும் பிடித்து ஆளை விட்டுவிடும் விஷத்தைச் செய்ய முடியாதா என்று யோசித்தார். 1891இல் மெத்திலீன் ப்ளூ என்ற சாயத்தையே மலேரியாவுக்குக் கொடுத்தும் பார்த்தார். இந்த வழிக்கு அவர் வைத்த பெயர்தான் கீமோதெரபி. 1910இல் சிபிலிஸ் என்ற மேகநோய்க்கு வந்த சால்வர்சான் மருந்து, 606 என்ற எண்ணால் அழைக்கப்பட்டது, அந்த வழியில் கிடைத்த பெரிய வெற்றி. ஆக, சொல் பிறந்தபோது அதற்கும் புற்றுநோய்க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சொல்லைப் பிரித்தால் முன்பாதி, உலோகத்தை மாற்றும் வித்தைக்கு அரபியில் இருந்த கீமியா என்ற பெயரிலிருந்தும் அதற்கு முந்தைய கிரேக்கத்திலிருந்தும் வருகிறது. பின்பாதி கிரேக்கத்தில் தெரபெயா, கூட இருந்து பார்த்துக்கொள்வது, பணிவிடை செய்வது. தமிழில் வேதிச்சிகிச்சை என்கிறோம். வெறும் மொழிபெயர்ப்புதானே என்று நான் நினைத்ததுண்டு, ஆனால் வேதித்தல் என்றால் ஒன்றை இன்னொன்றாக மாற்றுதல், சித்தர் பாட்டில் வரும் வேதையும் செம்பைப் பொன்னாக்கும் வித்தைதான், ஆக கீமியாவும் வேதியும் ஒரே அடுப்பில் காய்ந்தவை. ரசாயன சிகிச்சை என்று எழுதுகிறவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது: பழைய மருத்துவத்தில் ரசாயனம் என்றால் இளமையைக் காக்கும் மருந்து, இன்றைக்குத் தோட்டத்துக்காரர் காதில் அது உரமூட்டை. சிகிச்சைக்குப் பதில் பண்டுவம் போடலாம். எங்கள் ஊரில் மாட்டுக்கும் ஆளுக்கும் பண்டுதம் பார்ப்பது என்பார்கள், தெரபெயாவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது. ஆனால் வேதிப்பண்டுவம் என்று எழுதினால் யாருக்குப் புரியும், அதனால் வேதிச்சிகிச்சையோடு நின்றுகொள்கிறேன்.

சரி, புற்றுநோய்க்கு இந்தச் சொல் எப்படி வந்தது? முதல் உலகப்போரில் கடுகு வாயு பட்டவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. அதே வழிவந்த நைட்ரஜன் மஸ்டர்டை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்று நோயாளி ஒருவருக்கு ஏற்றினார்கள், கட்டி சுருங்கியது, கொஞ்ச காலம் கழித்துத் திரும்பவும் வந்தது. அத்தைக்குச் சிவப்பு மருந்தோடு சேர்த்துப் போட்ட சைக்ளோபாஸ்பமைடு அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

எர்லிக் கேட்ட பிடிமானம் மட்டும் இந்த மருந்துகளுக்கு வாய்க்கவில்லை. புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று அவை பார்ப்பதில்லை, பெரும்பாலும் வேகமாகப் பிரிந்து பெருகுகிற செல் எதுவோ அதை அடிக்கின்றன. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், பிரியும் செல்லுக்குள் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைகளையே உருவாகவிடாது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் யாரும் கண்டுகொள்ளாமல் பூத்துக் கிடக்குமே, அதே செடிதான், ஆனால் பறித்துத் தின்றால் அது மருந்தில்லை, விஷம். முடி வேர், வாய் உள்தோல், குடல் உள்தோல், எலும்பு மஜ்ஜை எல்லாமே வேகமாகப் பெருகும் இடங்கள், அதனால்தான் முடி கொட்டுகிறது, வாயில் புண் வருகிறது, பேதியாகிறது. முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். பயப்பட வேண்டியது மஜ்ஜையில் பிறந்து கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவுக்கு. மருந்து ஏறி ஒன்று இரண்டு வாரத்தில் அது அடிமட்டத்துக்குப் போகும், அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை போட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிதான்.

எல்லாருக்கும் ஒரே நோக்கத்தில் போடுவதும் இல்லை. சில ரத்தப் புற்றுகளுக்கு இதுவே முழு வைத்தியம், சிலருக்கு ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்க, சிலருக்குப் பின்னால் மிச்சமிருப்பதைத் துடைக்க, சிலருக்கு வலியைக் குறைத்து நாளை நீட்ட.

சிவப்பு மருந்துக்கு வருகிறேன். டாக்ஸோரூபிசின், பெயருக்குள்ளேயே ரூபி இருக்கிறது. டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு அதைப் படியெடுக்க விடாமல் செய்யும். இதயத்தையும் பாதிக்கும் என்பதால் ஒரு ஆளுக்கு ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று உச்ச அளவு உண்டு, எக்கோ எடுத்துப் பார்த்துத்தான் போடுவார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போக, ரத்தம் என்று நினைத்து அழுதுவிட்டார்கள். மருந்தின் நிறம்தான், ஒன்றிரண்டு நாள் அப்படிப் போகும். அதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம், யாரும் சொல்லவில்லை. இந்த மருந்தின் நிறம் வருவது ஆந்த்ராகுயினோன் என்ற அமைப்பிலிருந்து, துணிக்குப் போடும் பல சாயங்களிலும் அதே அமைப்புதான். இதை மாமாவிடம் சொன்னபோது, "நாந்தான் அன்னிக்கே சொன்னனே" என்றார்.

அத்தைக்குக் கீமோ என்ற சொல் வாயில் வரவேயில்லை, இன்றைக்கும் கீமா என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் எப்போதாவது. போனில் யாராவது விசாரித்தால், "செவப்பூசி நாலும் முடிஞ்சுதுங், இனி வெள்ளையூசி பன்னெண்டு".