ஷோபோட்டிங்: நடுவர் நடுநாயகம் ஆகும்போது

2018 ஜனவரி 3. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அரங்கில் நார்த் கரோலினா கல்லூரிக் கூடைப்பந்து அணி ஆடிக்கொண்டிருந்தது. 81-80 என்று ஒற்றைப் புள்ளியில் முடியப்போகிற ஆட்டம், அதன் கடைசிக் கட்டம். ஒரு தீர்ப்பைப் பற்றி முறையிட நார்த் கரோலினாவின் ஜோயல் பெரி நடுவரை நோக்கி நடந்து வந்தார். நடுவர் டெட் வாலன்டைன் சட்டென்று திரும்பிக்கொண்டார். கைகளைக் கட்டியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். பேசமாட்டேன் என்று வாயால் சொல்லியிருந்தால் அது இரண்டு பேருக்குள் முடிந்திருக்கும். முதுகு சொன்னதோ அரங்கத்துக்கே கேட்டது. அந்தக் காட்சி நாடு முழுக்கச் சுற்றியது, அவருக்கு ஆட்டங்கள் தரும் கல்லூரிக் கூட்டமைப்புகளில் ஒன்றான பிக் டென் அவரைத் தன் இரண்டு ஆட்டங்களிலிருந்து விலக்கி வைத்தது. ஓய்வு பெற்றுவிடலாமா என்றுகூட யோசிப்பதாக அவர் சொன்னார். பிறகு தொடர்ந்தார்.

இந்த மாதிரி நடத்தைக்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் வைத்திருக்கும் சொல்தான் ஷோபோட்டிங். தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று பார்ப்பதற்கு முன், இதற்குள் ஒரு படகு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

படகு நிஜமான படகுதான். இங்கிலாந்திலிருந்து வந்த நடிகர் வில்லியம் சாப்மன் 1831-இல் பிட்ஸ்பர்க்கில் ஒரு மிதக்கும் நாடகக் கொட்டகையை அமைத்து, குடும்பத்தோடு ஆற்றில் இறங்கினார். ஓஹையோ ஆற்றின் வழியே போய் மிசிசிப்பியில் சேர்ந்து, வழியிலிருக்கும் கரையோர ஊர்களில் படகைக் கட்டி நாடகம் போடுவார்கள். மறுநாள் அடுத்த ஊர். சாப்மனைப் பார்த்துப் பலரும் இதே தொழிலில் இறங்கினார்கள். பின்னாளில் வந்தவை பெரிய தட்டைப் படகுகள். பெரும்பாலானவற்றுக்குச் சொந்த எஞ்சின் கிடையாது, இன்னொரு நீராவிப் படகு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். ஆனால் சத்தத்துக்கு மட்டும் குறைவே இருக்காது. 1855-இல் காப்புரிமை பெற்ற காலியோப்பி என்ற நீராவி இசைக்கருவி, வரிசையாக நிற்கும் ஊதல்கள் வழியே நீராவியைப் பீய்ச்சிப் பாட்டு வாசிக்கும். மைல் கணக்கில் கேட்கும். படகு கண்ணில் படுவதற்கு முன்பே ஊருக்குச் சேதி வந்துவிடும். நம் ஊரில் டூரிங் டாக்கீஸ் காலத்தில் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, தமுக்கடித்துக்கொண்டு போனார்களே, அந்த வேலைதான்.

ஆக, ஷோபோட் என்றால் கூத்து ஏற்றிவரும் படகு. தன் வருகையைத் தானே முழங்கிக்கொண்டு வருவது அதன் இயல்பு. அந்த இயல்பு மனிதர்கள் மேல் ஏறியது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தன்னைக் காட்டிக்கொள்கிறவனுக்கு இதுவே பட்டப்பெயர் ஆனது, வினைச்சொல்லும் ஆனது. விளையாட்டுக்கு இது வந்தபோது ஏற்கெனவே அங்கே ஒரு அண்ணன் இருந்தான். கிராண்ட்ஸ்டாண்டிங் என்பது 1880-களின் பேஸ்பால் சொல். சுலபமான பந்தை வேண்டுமென்றே பாய்ந்து விழுந்து பிடித்து, கிராண்ட்ஸ்டாண்ட் என்ற பார்வையாளர் மாடத்தில் இருப்பவர்களிடம் கைதட்டு வாங்குவது. இரண்டுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் இது ஆட்டக்காரர்களைத் திட்டும் சொல். பந்தைக் கூடைக்குள் அறைந்துவிட்டு வளையத்திலேயே தொங்குவது, எதிராளியின் முகத்துக்கு நேரே நின்று மார்தட்டுவது. கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்கெல்லாம் டெக்னிக்கல் ஃபவுல் என்ற தண்டனை உண்டு. அதைத் தருகிறவர் நடுவர். அதே காரியத்தை நடுவரே செய்தால்? அவருக்கு யாரும் அங்கே விசில் ஊத முடியாது. வீரன் செய்தால் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் நடுவர் செய்தால் கொதிப்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, எதைப் பகட்டு என்பது, எதை வேலை என்பது? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நடுவரின் மொழியே சைகை. ஃபவுலுக்குக் கைவிரல்களை முஷ்டியாக மடக்கி மேலே தூக்க வேண்டும். பந்தோடு வருபவரை முறையில்லாமல் மறித்தால் அது பிளாக், நடுவர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைப்பார். பந்து வைத்திருப்பவரே போய் இடித்தால் சார்ஜ், ஒரு கை பின்னந்தலைக்குப் போகும். ஆயிரக்கணக்கான பேர் கத்திக்கொண்டிருக்கும் அரங்கில், மறுகோடி மேசையில் புள்ளி குறிப்பவருக்குப் புரிய வேண்டுமானால் இதையெல்லாம் அழுத்தமாகத்தான் செய்தாக வேண்டும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

சிக்கல் பெரும்பாலும் அந்தச் சார்ஜில்தான் தொடங்கும். பிளாக்கா சார்ஜா என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். தடுத்து ஆடும் காப்பாளர் கால் ஊன்றி நின்றாரா, நகர்ந்துகொண்டிருந்தாரா? பாதி அரங்கம் எப்படியும் ஒப்புக்கொள்ளாது. 2011-12 பருவத்தில் ஆண்கள் ஆட்டத்தில் கூடைக்குக் கீழே ஒரு வளைவுக் கோடு போட்டு, உதவிக்கு வந்து அதற்குள் நிற்கும் காப்பாளர் மேல் மோதினால் அது சார்ஜ் ஆகாது என்று விதி கொண்டுவந்தார்கள். ஆனாலும் சர்ச்சை ஓயவில்லை. சந்தேகம் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் சைகையும் பெரிதாகிறது. சில நடுவர்கள் பின்னந்தலையில் கை வைத்ததோடு நிற்பதில்லை. நாலடி குதித்து வந்து, எதிர்த்திசையில் காற்றைக் குத்தி, அதே வேகத்தில் மறுபக்கம் ஓடுவார்கள். அந்தக் குத்து மேசைக்காரருக்கா, கேமராவுக்கா என்று கேட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வாலன்டைனுக்கு ‘டிவி டெடி’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. 1998 பிப்ரவரியில் இல்லினாய் அணிக்கு எதிரான ஆட்டத்தில், இண்டியானாவின் பெரும்புள்ளியான பயிற்சியாளர் பாப் நைட்டுக்கு மூன்று டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்து அவரை வெளியே அனுப்பியவர் இவர்தான். நடுவரைக் கடுமையாகச் சாடியதற்காக நைட்டுக்குப் பிக் டென் 10,000 டாலர் அபராதம் போட்டது. நைட்டும் லேசுப்பட்டவர் இல்லை, 1985-இல் ஆடுகளத்துக்குக் குறுக்கே நாற்காலியை வீசியவர். இரண்டு படகுகள் ஒரே துறையில் ஒதுங்கினால் என்ன ஆகும்?

2012 பிப்ரவரியில் நடந்தது வேறு ரகம். நார்த் கரோலினா ஸ்டேட் அணியின் சொந்த அரங்கில், அதன் முன்னாள் நட்சத்திரங்களான டாம் குக்லியோட்டாவும் கிறிஸ் கார்கியானியும் பார்வையாளர்களோடு உட்கார்ந்து தீர்ப்புகளை விமர்சித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் கார்ல் ஹெஸ் அவர்களைப் பார்வையாளர் பகுதியிலிருந்தே வெளியேற்ற வைத்தார். அரங்க நிர்வாகம் மூலமாகச் செய்யவேண்டிய முறையைப் பின்பற்றவில்லை என்று அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பு அவரைக் கண்டித்தது. அதிகாரம் இருந்தது, அதைப் பயன்படுத்திய விதம்தான் பிசகு. ஷோபோட்டிங் என்ற புகார் அநேகமாக எப்போதும் விதத்தைப் பற்றியதுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் நடுவர்கள் லீகின் ஊழியர்கள். கல்லூரி நடுவர்கள் அப்படியில்லை, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பல கூட்டமைப்புகளுக்கு வேலை செய்யும் தனி ஒப்பந்தக்காரர்கள். பருவம் முழுக்க விமானத்திலும் ஓட்டலிலும் கழிகிறது. இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர். சாப்மன் குடும்பம் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை.

இனி தமிழுக்கு வரலாம். ‘காட்சிப்படகு’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் கொடைக்கானல் ஏரிக்குப் போய்விடுவோம். நம்மிடம் ஏற்கெனவே கொட்டிக் கிடப்பதைப் பார்த்தாலே போதும்.

‘ஆடம்பரம்’ வடமொழியில் முதலில் ஒரு பறையின் பெயர். பறைமுழக்கம் வெற்று முழக்கமாகி, அப்புறம் டாம்பீகமானது. காலியோப்பி போன அதே வழி! ஆனால் தமிழில் அது இன்று பணச்செலவோடு ஒட்டிக்கொண்டது, ஆடம்பரக் கல்யாணம் என்பது போல. ‘படாடோபம்’ இன்னும் சுவையானது. பாம்பு படத்தை விரித்து உப்பிக் காட்டுவது அதன் மூலப்பொருள். விஷமில்லாத பாம்பும் படமெடுக்கத்தான் வேண்டும் என்று ஒரு பழைய வடமொழிச் செய்யுள் சொல்கிறது. தன் தீர்ப்பில் தனக்கே சந்தேகமிருந்து கையை ஓங்கி வீசும் நடுவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. என்ன செய்வது, இன்றைக்கு எழுதினால் பழைய வாசனை அடிக்கும்.

பேச்சில் நமக்குப் பஞ்சமே இல்லை. பந்தா பண்ணுவது, அலட்டுவது, படம் காட்டுவது, சீன் போடுவது. இதில் ‘சீன் போடுவது’ அச்சு அசலாக ஷோபோட்டிங்கின் கூடப்பிறந்தது. அது படகு நாடகத்திலிருந்து வந்தது, இது நம் நாடகமும் சினிமாவும் கொடுத்தது. மைதானத்தில் நின்று பேசுகிறவர் “ரெஃப்ரி ரொம்ப சீன் போடுறாரு” என்றால் ஒரு எழுத்தும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.

எழுத்துக்கு என் ஓட்டு ‘பகட்டு’க்கு. சேலைக்கும் நகைக்கும் சொல்லிச் சொல்லிப் பெயர்ச்சொல்லாகவே நம் மனதில் நின்றுவிட்டது. ஆனால் பகட்டுதல் என்று வினையாகவும் அது இருக்கிறது. வீண் ஆரவாரத்தோடு தன்னைக் காட்டிக்கொள்வதுதான் அதன் பொருள். ‘வீரர் பகட்டினார்’, ‘பகட்டும் நடுவர்’, ‘பகட்டல் வேண்டாம்’ என்று எப்படியும் வளையும். வீரருக்கு மட்டும் என்றால் பகட்டாட்டம் என்றும் சொல்லலாம். நடுவருக்கு அது ஒட்டாது, அவர் ஆடவே கூடாது என்பதுதானே வழக்கு.

நடுவர் என்ற சொல்லையும் ஒரு பார்வை பார்க்கவேண்டும். ஆங்கிலத்தின் ரெஃப்ரி என்றால் வழக்கு யாரிடம் கொண்டுபோகப்படுகிறதோ அவர். அம்பயர் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, இணையல்லாத மூன்றாமவர் என்று பொருள். தமிழ் இருவரையும் ஒரே சொல்லுக்குள் அடக்கி, இடத்தை வைத்துப் பெயரிட்டது. இருபுறமும் சாயாமல் நடுவில் நிற்பவர் நடுவர். குறளின் 12-ஆம் அதிகாரத் தலைப்பான நடுவு நிலைமையும் இதே வேர். இந்த வேரிலிருந்தே இன்னொரு சொல்லும் கிளைத்திருக்கிறது: நடுநாயகம். மாலையின் நடுவில் பதிக்கும் பெரிய மணி அது, எல்லார் கண்ணும் முதலில் போய் விழும் இடம். நடுவர் நடுநாயகமாகிவிட்டால் அதுதான் ஷோபோட்டிங்.

இந்தக் கலையில் முன்னோடி என்றால் பாட் கென்னடியைத்தான் சொல்லவேண்டும். 1930-களிலும் 40-களிலும் கல்லூரி ஆட்டங்களுக்கு விசில் ஊதியவர். தப்பு செய்தவனை நோக்கி விரலை நீட்டி, அரங்கம் அதிரக் கத்துவார். அவரைப் பார்க்கவே கூட்டம் வந்தது என்பார்கள். 1959-இல் கூடைப்பந்துப் புகழரங்கில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 1950-களில், ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வேடிக்கை ஆட்டக் குழுவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனார். அங்கே அவரை யாரும் பகட்டுகிறார் என்று திட்டியிருக்க முடியாது. ஜனங்கள் டிக்கெட் எடுத்ததே அதற்குத்தான்.