சொல் விளக்கம்: மேய்ச்சல் கடுமை

ஆங்கிலத்தில் இது 'கிரேசிங் இன்டென்சிட்டி'. 'கிரேஸ்' என்ற வினை, புல்லைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. 'இன்டென்ஸ்' என்பதன் வேர் லத்தீன். இழுத்து விறைப்பாக்கியது என்று பொருள். தமிழாக்கும்போது நமக்கு முதல் பாதியில் சிக்கல் இல்லை. மேய்ச்சல், மேய்ப்பன், வருவாய்த்துறைப் பதிவுகளில் வரும் மேய்க்கால் புறம்போக்கு எல்லாமே 'மேய்' என்ற வினையிலிருந்து கிளைத்தவை.

இரண்டாம் பாதிதான் தொல்லை. 'மேய்ச்சல் செறிவு', 'மேய்ச்சல் அடர்த்தி' என்று எழுதினால் ஏக்கருக்கு எத்தனை மாடு என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அது வேறு கணக்கு. மாடுகள் வெளியேறும்போது எவ்வளவு புல் போயிருக்கிறது, அடியில் எவ்வளவு நிற்கிறது என்பதையே இந்தச் சொல் கேட்கிறது. நிறைய மாடுகள் ஒரே நாளில் மேய்ந்து தீர்ப்பதை நாலைந்து மாடுகள் சில நாளில் தீர்த்துவிடும். ஆகவே 'மேய்ச்சல் கடுமை' என்பதே சரி. 'ஒட்ட மேஞ்சிடுச்சு' என்று ஊரில் சொல்கிறோமே, அது இந்தக் கடுமையின் உச்சம்.

வெப்பமண்டலப் பாசன மேய்ச்சல் நிலத்தில் இது மிக முக்கியம். தண்ணீரும் தழைச்சத்தும் தட்டாமல் கிடைக்கும்போது, புல் மறுபடி எவ்வளவு வேகமாகத் தழைக்கும் என்பது மிஞ்சிய இலையைப் பெரிதும் சார்ந்தது. ஒட்ட மேய்ந்துவிட்டால் வெயிலைப் பிடிக்க இலை இல்லை, வளர்நுனிகளும் போயிருக்கும். அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் புது இலை விட வேண்டும். இதுவே தொடர்ந்தால் தூர் மெலியும், களை நுழையும். அதற்காக மேலோட்டமாக மேயவிடுவதும் நல்லதல்ல. கீழ் இலைகள் நிழலில் காய்ந்துபோகும், தண்டு நீளும். காடு மாதிரிப் புல் நிற்கும், மாடு வாய் வைக்காது.

பிரேசிலில் கினியாப் புல்லின் மொம்பாசா ரகத்தில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். விழும் ஒளியில் 95 சதவீதத்தை இலைத்திரள் பிடிக்கும்போது மாட்டை உள்ளே விட வேண்டும். அந்த ரகத்துக்கு அது சுமார் 90 சென்டிமீட்டர் உயரம். அதே புல்லின் தான்சானியா ரகத்துக்குச் சுமார் 70. அதற்கு மேல் காத்திருந்தால் பெரும்பாலும் தண்டும் சருகும்தான் சேரும். மொம்பாசாவில் 30 முதல் 50 சென்டிமீட்டர் நிற்கும்போது மாட்டை வெளியே ஓட்டிவிடலாம்.

இத்தனை நாளுக்கு ஒருமுறை மேய்ச்சல் என்று நாள் குறித்து வைப்பது பாசன நிலத்தில் பொய்த்துவிடும். கோடையில் புல் சீக்கிரமே உயரம் எட்டிவிடும். தென்கிழக்குப் பிரேசிலின் குளிர் மாதங்களில் தண்ணீர் பாய்ச்சினாலும் வளர்ச்சி தளர்ந்துவிடும். அளவுகோலை எடுத்துப் போய் உயரத்தைப் பார்ப்பதே நம்பகமான வழி.

அப்புறம், இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல்: மாடு போனபின் நிற்கும் புல்லின் அளவு. 'எச்ச உயரம்' என்று எழுதுகிறார்கள். 'மிச்ச உயரம்' என்றால் எவருக்கும் புரியும்.