நிலைபேற்றுச் சான்று: தேயிலைப் பெட்டி சொல்லும் சொல்

திருகோணமலையில் தேயிலை விளையாது. இங்குள்ள வெக்கையும் நீண்ட வறட்சியும் அந்தச் செடிக்கு ஆகாது. ஆனால் தேத்தண்ணி வைக்காத வீடு ஊரில் இல்லை. கடைத் தட்டிலுள்ள பெட்டிகளில் ஒன்றில் சிங்கம் இருக்கும், இன்னொன்றில் பச்சைத் தவளை இருக்கும். என்னவென்று கேட்டால் இரண்டுக்கும் "தரச் சான்றிதழ்" என்றே பதில் வரும். அது பிழையான பதில்.

சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபையினுடையது. உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டது, சபையின் தர அளவுக்கு உட்பட்டது என்பதே அதன் பொருள். ஓடைக்கரையில் பூச்சி மருந்து தெளித்தார்களா, தெளித்தவருக்குக் கையுறை கொடுத்தார்களா என்பதை அது சொல்லாது. அவற்றைப் பார்ப்பது ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற சர்வதேச அமைப்பின் தவளை முத்திரை. சிங்கத்தைத் தரச் சான்று எனலாம். தவளைக்குரிய பெயர் நிலைபேற்றுச் சான்று.

நிலைபேற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் "சஸ்டெய்ன்" (sustain) என்பதன் இலத்தீன் வேருக்குக் கீழிருந்து தாங்கிப் பிடித்தல் என்று பொருள். வளர்கிற அளவுக்கு மேல் மரம் வெட்டக்கூடாது என்ற கருத்தை 1713இல் எழுதிவைத்தவர் ஜேர்மனியின் சக்சனிச் சுரங்க நிர்வாகி ஹன்ஸ் கார்ல் வொன் கார்லோவிட்ஸ். சுரங்கத்துக்கு மரம் தீர்ந்துவிடும் என்ற கவலைதான் அவரை எழுதவைத்தது. தமிழ்நாட்டில் இதற்கு "நீடித்த", "வளங்குன்றா" என்கிறார்கள், இலங்கையில் "நிலைபேறான" என்கிறோம். வளங்குன்றா அழகான சொல்தான், ஆனால் மண்ணோடும் நீரோடும் நின்றுவிடுகிறது. சான்றின் விதிகள் சம்பளத்தையும் லயன் வீட்டையும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) சிறுவர் வேலையையும் சேர்த்துக் கேட்கின்றன. நிலை, பேறு (பெறு என்பதிலிருந்து வந்தது) இரண்டும் சேர்ந்த நம் சொல் ஆட்களையும் உள்ளடக்கும். அதையே வைத்துக்கொள்ளலாம்.

சான்று என்பது "சால்" என்ற வினையடியிலிருந்து வந்தது. நிறைதல், போதியதாதல் என்று பொருள். சான்றோர் என்பதும் அதே வேர்தான். திருக்குறள் 25இல் "இந்திரனே சாலுங் கரி" என்று வருகிறது. கரி என்றால் சாட்சி, சாலும் என்றால் போதும். வடமொழிச் சாட்சி கண்ணால் கண்டவரைக் குறிக்கிறது. சான்றோ, போதுமான அளவு நிறுவப்பட்டதா என்று கேட்கிறது. "அத்தாட்சிப்படுத்தல்" என்று எழுதினாலும் பொருள் பிழைக்காது, ஆனால் அதைக் கேட்டதும் போட்டோப் பிரதியில் ஒப்பமிடுவதுதான் நினைவுக்கு வருகிறது. இங்கே நடப்பது அதுவல்ல.

தோட்டம் முதலில் தன்னைத் தானே பரிசோதிக்க வேண்டும். பிறகு தோட்டத்தோடு தொடர்பில்லாத கணக்காய்வாளர்கள் வந்து மருந்து தெளித்த பதிவேடு, சம்பளப் பட்டியல், இரசாயனக் களஞ்சியம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தொழிலாளருடன் முகாமையாளர் இல்லாத இடத்தில் பேசுவார்கள். குறைகளைத் திருத்தத் தவணை உண்டு. சான்று மூன்றாண்டுச் சுற்றில் ஓடும், இடையில் கண்காணிப்புப் பரிசோதனையும் நடக்கும்.

பிழைக்கு அதிகம் இடமுள்ளது தொழிற்சாலையில்தான். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். சான்று பெற்ற தோட்டத்திலிருந்து 9,000 கிலோ கொழுந்து வந்தால் சுமார் 2,000 கிலோ தூள் கிடைக்கும். 2,600 கிலோவைச் சான்றுள்ளதாக விற்றிருந்தால், மிச்சம் வேறெங்கோ இருந்து வந்தது. சிற்றுடைமையாளர் பலரின் கொழுந்தை ஒரே லொறி ஏற்றிவரும்போது இது தெரியாமலும் நடக்கும். ஆகவே எடைத் தராசிலிருந்தே சாக்குகளைப் பிரித்து, வாட்டும் தொட்டியிலும் உருட்டும் இயந்திரத்திலும் முந்திய கொழுந்தை முழுதாக அகற்றிவிட்டு, தொகுதி இலக்கம் எழுதவேண்டும். அந்த இலக்கம் இல்லாவிட்டால் பெட்டியிலுள்ள தவளை வெறும் படம்.

இந்தச் சான்றை "இயற்கைத் தேயிலை" என்றும் சொல்லக்கூடாது. இயற்கைத் தேயிலை விளையும் சேதன முறையில் செயற்கை உரத்துக்கு இடமில்லை, பழைய தோட்டம் ஒன்று அதற்கு மாறவே மூன்றாண்டு பிடிக்கும். நிலைபேற்றுச் சான்று உரத்தை அளவோடு அனுமதிக்கிறது. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அதே ஆண்டிலேயே அம்முடிவைக் கைவிட்டது. இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கிப் பேசினால் அந்தத் தடையும் நிலைபேறு என்றாகிவிடும்.

ஆங்கிலத்தில் "சோர்சிங்" (sourcing) என்பதற்குக் கொள்முதல் என்றால் பாதிதான் வரும், அது வாங்குவதை மட்டும் குறிக்கிறது. எந்தத் தோட்டம், எவர் பறித்தது என்று தெரிந்து வாங்குவதை "மூலமறி கொள்முதல்" என்று எழுதலாம். கடையில் தூளை நிறுத்து வாங்குகிறவர் அந்தச் சொல்லோடு, "எந்தத் தோட்டத்துத் தூள்?" என்று கேட்டுப் பார்க்கலாம்.